உருட்டிப் பார்க்கலாமா

கல்முனையில் நுஸ்ரியின் முற்றத்தில் மூன்று நிற்கின்றன.
மூன்றுக்கும் ஒரே பெயர் சொல்கிறான்: ஸ்போர்ட் டூரர்.
பாதி ஓட்டம், பாதிப் பயணம்.
"எவ்வளவு ஸ்பீட் வேணும் மிஸ்? முதல்ல அதச் சொல்லுங்க."

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:
வெள்ளி பின்னேரம் கடமை முடிந்து
செங்கலடியில் இடப்பக்கம் திரும்பி
கரடியனாறு, மகாஓயா, பிபிலை தாண்டி
லுணுகலை ஏற்றத்தில் கழுத்துக்குள் குளிர் இறங்கும்வரை
இறங்காமல் போவது.
ஞாயிறு வருவது.
திங்கள் காலை எக்ஸ்ரே அறையில்
என் முதுகு என்னோடு பேசாமலிருப்பது.

திங்களில் எனக்குக் காரை எலும்புகள் வரும்.
வாழைச்சேனையிலிருந்து, ஆரையம்பதியிலிருந்து,
இருபது வயதும் நாற்பது வயதும்.
எலும்புக்கு வண்டியின் பெயர் தெரியாது.
எட்டாத பிறேக்கைத் தேடிய விரலைத் தெரியும்,
நிறுத்தும்போது தரை கிடைக்காத காலை.

சிவப்பில் ஏறினேன்.
டாங்கியில் நெஞ்சு பதியக் குனியவேண்டும்.
என் வலது மணிக்கட்டு ஒருமுறை முறிந்தது,
படத்தை நானேதான் எடுத்தேன்.
ஐந்தாவது நிமிடம் அது
மழை வரப்போகிறது என்றது.
வானம் வெளித்துக் கிடந்தது.

சாம்பல் நிறம் ஒரு வீடு.
இரு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடி.
கண்ணாடியின் விளிம்பு சரியாக என் கண்மட்டத்தில் வந்து
றோட்டை இரண்டாக வெட்டியது.
பெருவிரல் நுனி மட்டும் மணலைத் தொட்டது.
"ஓட ஓடப் பழகிடும் மிஸ்."
பழகும்.
கடிக்கிற செருப்பும் பழகும்.

நீலத்தின் டாங்கியில் யாரோ ஒரு நெடியவரின் முழங்கால்கள்
இரண்டு மங்கல் வட்டங்கள் விட்டிருந்தன.
என் முழங்கால்கள் அதற்கு இரண்டு விரல் பின்னே.
டெரன்ஸ் அந்திராடோ என்னோடு படித்தவன்,
கூட வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை.
செயினைத் தூக்கி விட்டான்,
இஞ்சினுக்குக் காது கொடுத்தான்.
"இது பொய் சொல்லல்ல" என்றான்.

"ஓடிப் பாருங்க, நூற்றிருபது சும்மா போகும்."

நான் கேட்டேன்: உருட்டிப் பார்க்கலாமா?

நுஸ்ரி சிரித்தான்.
அவனுக்கு இருபத்தாறு வயது.

நான் ஓடப் பழகிய வருடம்
வலையிறவுப் பாலத்தடியில் மண் நிரப்பிய பரல்கள்.
இறங்கு. இஞ்சினை நிறுத்து.
ஹெல்மெட்டைக் கழற்று. உருட்டு.
ஐசி பல்லிடையில்,
நூற்றுப்பத்துக் கிலோ, நாற்பது யார் தூரம்.
பின்னால் துவக்கு நிற்கையில் வண்டி சாயக்கூடாது.
ஒரு நாள் சாய்ந்தது.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

நுஸ்ரியிடம் சொன்னது வேறு:
"மலையில பெற்றோல் முடிஞ்சா?"
அதுவும் உண்மைதான்.

சாம்பல் மூன்று அடியில் என் இடுப்பில் சாய்ந்தது,
அந்திராடோவின் கை குறுக்கே வந்தது.
சிவப்பு உருண்டது, ஆனால் என்னை
எதையோ தொலைத்தவள்போல் குனிய வைத்தது.
நீலத்தை
மாமரத்தைச் சுற்றி,
மீன் லொறி நிற்கும் வாசல்வரை,
ஈரமணலில் திருப்பி மீண்டும் மாமரத்தடிக்கு.
மூச்சு வாங்கியது.
யாரும் கை நீட்டவில்லை.

சீற்றை அரை அங்குலம் அரிந்து தைக்கவேண்டும்,
காத்தான்குடியில் ஆள் இருக்கிறார்.
இடப்பக்கக் கண்ணாடி இல்லை,
அதற்கு விலை குறையும்.

"இன்னும் ஓடவே இல்லையே மிஸ்!"

ஓடினேன்.
இடப்பக்கம் கடற்காற்று.
மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவது கியரில் காரைதீவுச் சந்தி.
அவனுக்குச் சொன்னது சந்திவரை.
அங்கே வளைத்துத் திரும்பவேண்டும்.
சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது.

வலப்பக்கம் சம்மாந்துறை,
அதற்கப்பால் வெட்டத் தயாரான வயல்,
அம்பாறை.

சிக்னல் போட்டேன்,
வலப்பக்கம்.