கரப்பான்

செவ்வாய்க்கிழமை, சுங்கை சிப்புட் பஸ் நிலையம்.
பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்தேன்.
உள்ளே முந்நூறு உருப்படி.
முறுக்கா என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.
ஆமாம் என்றேன்.
டின் லேசாகச் சரசரத்தது.

ஈப்போவில் சின் வேய் என்றொரு பையன்
தாடி முளைத்த ஓணான் வளர்க்கிறான், ஆஸ்திரேலியச் சாதி.
அதற்கு விளக்கு, படுக்கை, பெயர் எல்லாம் உண்டு.
அவன் தங்கை வைத்திருக்கும் தவளைக்கு
வாய்தான் உடம்பு.
நூறுக்கு முப்பது வெள்ளி.

இவை வீட்டுக் கரப்பான் இல்லை,
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
பறந்து திரியாது. வழவழப்பான சுவரில் ஏறாது.
ஆணுக்கு முழு அங்கி, பெண்ணுக்கு முளைவிட்ட இறகு.
முட்டைக்கூட்டை வெளியே நீட்டி
கொஞ்சம் காற்றைக் காட்டிவிட்டு
மறுபடி வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும்.
குட்டிதான் போடும்.
எதிர்வீட்டு ரொக்கியா அக்காவிடம் இதைச் சொன்னபோது
'ஈ...' என்று இழுத்துக் கதவைச் சாத்தினார்.
மறுநாள் ஒரு பை கேரட் கொடுத்தனுப்பினார்.

சமையலறைக்குப் பின்னால் நான்கு கறுப்புப் பெட்டி.
முட்டை அட்டைகளை நிறுத்திவைத்த அடுக்குவீடு.
கோழித்தீவனம், சந்தை முடிந்து பொறுக்கிய ஆரஞ்சு.
எண்ணெய் மில்லில் வேலை போன பிறகு
இந்த இருட்டுதான் என் ஷிப்டு.

புதன்கிழமை மூடியைத் திறந்தால்
மூன்றாம் பெட்டி மல்லாந்து கிடந்தது.
சிலது மட்டும்
இல்லாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தன.
எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.
கேரட்டை முகர்ந்தேன், அட்டைகளை எரித்தேன்,
தீவனக் கடை தவுக்கேயிடம் சண்டைக்குப் போனேன்.

இரவு சோறு போடும்போது சரஸ்பதி சொன்னாள்:
"நேத்து நீங்க வர லேட்டு.
நாந்தான் கேரட் நறுக்கிப் போட்டேன்.
கை கழுவிட்டுத்தான். ரெண்டு தடவ."

அவளுக்கு முப்பத்தேழாம் பிளாக்கில் வேலை.
செம்பனை மறுநடவு. குருத்தைத் துளைக்கும் கொம்பு வண்டுக்கு
மருந்து அடிக்கிறாள், முதுகில் பதினாறு லிட்டர்.
மருந்து என்றுதான் சொல்கிறோம்.
வேறு சொல் வைத்துக்கொள்ளவில்லை.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
அவளுக்குப் படர்ந்திருக்கிறதே, அதற்கும்
கரப்பான் என்றுதான் பேர்.
கிளினிக்கில் மிஸ்ஸி களிம்பு தருவாள்.
அதுவும் மருந்து.

நானூற்றுப் பன்னிரண்டுக்கு
ஒரு கேரட் போதுமாயிருந்தது.
இரண்டு தடவை கழுவிய கை.
தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது,
அதே கை போட்ட சோறு.
கணக்கை அதற்கு மேல் போடவில்லை. சாப்பிட்டேன்.

"பெட்டிக்குப் பத்தடி தள்ளி நில்லு" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
அவள் தள்ளி நின்றாள்.
வீட்டில் ஒரே கட்டில்.

மற்ற மூன்று பெட்டியை நம்பி விற்க மனசு வரவில்லை.
சரக்கு இல்லை என்று சின் வேய்க்குச் செய்தி போட்டேன்.
கோபமான ஓணான் படம் ஒன்று வந்தது,
மூன்று நாளாகப் பட்டினி என்று மலாயில் எழுதி.
மெலிந்துவிட்டால் டாக்டரிடம் தூக்கிப் போவானாம்.
ரத்தம்கூட எடுத்துப் பார்ப்பார்களாம்.
ஓணானுக்கு.
சரஸ்பதியிடம் படத்தைக் காட்டினேன், அதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதல் பெட்டியில் ஏதோ அசைந்தது.
தாய் ஒன்றின் அடியில் அரிசிக் குறுணை போல
வெள்ளையாய், இன்னும் நிறம் ஏறாமல்.
அவள் குளித்துவிட்டு வந்து
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
சமையலறை வாசலிலேயே நின்றாள்.
நான் கோடு ஒன்றும் போடவில்லை.
பத்தடி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எத்தன?"

பெட்டியை அவள் பக்கம் சாய்த்து
டார்ச்சைப் பிடித்தேன்.
எண்ண ஆரம்பித்தாள், உரக்க,
அங்கிருந்தே.