உப்பை மறந்த மண்

மீட்டருக்கு ஒன்றாக
இருபத்து நான்கு காதுகளை நட்டிருக்கிறோம்
ஒட்வெய்க்கின் பார்லி வயலில்.
ஜியோபோன் என்றேன்.
“கேரட் மாதிரி இருக்கு” என்றாள்,
“முளைத்தால் சொல்லுங்கள்.”

நார்வேயில் ஏப்ரல் என்றாலும்
வரப்போரம் இன்னும் அழுக்குப் பனி.
சம்மட்டியை ஓங்கும் முன்
சின்ட்ரெ கையை உயர்த்துகிறான்:
யாரும் நடக்கக் கூடாது.
பால் கறக்கும் எந்திரம் நின்றாயிற்று,
நாயைக் காரில் போட்டுப் பூட்டியாயிற்று.
மாடுகளிடம் சொல்லத்தான் வழியில்லை.
கொட்டகையில் ஒன்று கால் மாற்றி நிற்க
என் திரையில்
பதினேழாம் கோடு சிலிர்க்கிறது.

இரும்புத் தட்டின் மேல்
ஓர் அடி.
பிறகு அதே இடத்தில் இன்னும் ஒன்பது.

குளத்தில் கல் விழுந்தாற்போல
என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன்.
இது மண்ணின் தோலோடு ஊரும் அலை.
குட்டை அலை மேல்மண்ணை முகர்ந்தபடியே ஓடும்,
நெட்டை அலை
இரண்டாள் ஆழம், ஐந்தாள் ஆழம் என்று
காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும்.
ஒரே அடியில் பிறந்தவை
வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன.
யார் எவ்வளவு தாமதம் என்பதுதான்
எங்களுக்குச் சம்பளம் தரும் கேள்வி.

ஆழம் இறுகியிருப்பதே வழக்கம்;
நெட்டைதான் முந்தும்.
இங்கே நெட்டை பிந்துகிறது.

நொடிக்கு நூற்று எண்பது மீட்டர், மேலே.
நான்கு மீட்டருக்குக் கீழே
நூற்றுப் பத்து.
சின்ட்ரெ திரையைப் பார்த்தான்,
சம்மட்டியைக் கீழே வைத்தான்,
மெதுவாக.

பனிக்காலம் முடிந்த நாளில் இது கடலடி.
உப்பு நீரில் படிந்த களிமண்,
துகள்மேல் துகளாய்ச் சீட்டுக்கட்டு வீடு.
நிலம் எழுந்தது, கடல் விலகியது,
ஆயிரமாயிரம் ஆண்டு மழை
உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போனது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
உப்பே போனபின் எதை நினைக்கும்?
நிற்கும்வரை நிற்கும்.
ஓரத்தில் யாரோ ஒரு பள்ளம் தோண்டினால்
தயிர் கலங்கி
மோராக ஓடும், வயலோடு, வீட்டோடு.

ஆனால்
அலைக்கு உப்பின் ருசி தெரியாது.
மெத்தென்று இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்;
மற்றதைத் துளையிட்டு,
எடுத்து,
பிசைந்து பார்க்க வேண்டும்.

“புதுக் கொட்டகை அறுபது மாட்டுக்கு” என்றாள் ஒட்வெய்க்.
வரைபடம் அவள் மேல்சட்டைப் பையில்
நான்காய் மடிந்திருந்தது.
பாங்கில் கையெழுத்துப் போட்டாயிற்றாம்.
“தாங்குமா?”

திங்கட்கிழமை துளைக் கருவி வரும் என்றேன்.
அது பதில் இல்லை என்று
அவளுக்கும் தெரிந்தது.

வீட்டுப்பக்கம் திரும்பி நடந்தாள்,
காலையில் வந்ததைவிட இலேசாகப் பாதம் வைத்து.
பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்:
திரையில் அவள் அடிகள்,
எட்டாம் கோட்டில், பிறகு பன்னிரண்டில்,
ரப்பர் பூட்ஸின் சிறு சிறு மேடுகள்.

வயல் நடுவே நின்றாள்.
கொட்டகை வரவேண்டிய இடம்.
எதற்கு நின்றாளோ.

இருபத்து நான்கு கோடுகளும்
நேராயின.