வலது கீழ் மூலை

இரும்புக் கதவின் இடுக்கில்
செருகியிருந்தது என் மீன்கொத்தி.
ஏர்கான் சர்வீஸ், மூன்று யூனிட் அறுபது வெள்ளி,
நீர் ஒழுகினால் அன்றே வருவோம்.
அலகில் கவ்விய நண்டின் கால்வரை
அப்படியே இருந்தது.
ஈசூனிலிருந்து முதல் ரயில், பிறகு பஸ்,
சுங்கை பூலோ சேற்றோரம்
நாலு ஞாயிறு கொசுக்கடி வாங்கிய படம்.
அறுபது வெள்ளியில் அதன் பங்கு எவ்வளவு
என்று கேட்க எண் இருந்தது.
கூப்பிடவில்லை.

அதன்பிறகுதான் பெயர் போட ஆரம்பித்தேன்.
ஆர். செண்பகவல்லி, ஆங்கில எழுத்தில்,
வலது கீழ் மூலையில், எறும்பு அளவு.
வெட்டிவிட்டுப் போட்டார்கள்.
வால்நுனியும் சேர்ந்து போயிற்று.
நடுவில் போட்டேன், சாய்வாக,
முப்பது விழுக்காடு மங்கலாக.
"சிறையில நிக்கிற மாதிரி இருக்கு"
என்றாள் நோர்ஹயாத்தி,
மீ சியாமைக் கிளறிக்கொண்டே.
அவள் சொன்னது சரி.
பறவையின் கண்ணைப் பார்க்கப் போனால்
என் பெயரில் தடுக்கி விழ வேண்டியிருந்தது.

தமிழில் இதற்கு நீர்க்குறி என்று பெயர்.
நிலைக்காததையெல்லாம்
நீர்மேல் எழுத்து என்றே சொல்லிப் பழகிவிட்டு,
சொத்துக்கு வேலி போட
அதே நீரைக் கூப்பிட்டிருக்கிறோம்.
சிரிப்பு வந்தது.
ஆனாலும் போட்டேன்.

எனக்குச் சம்பளம் எக்ஸ்ரே எடுக்க.
ஒரு நாளைக்கு எழுபது நெஞ்சு.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடலாம்.
படத்தின் மேல் மூலையில் அவர்கள் பெயர், பிறந்த தேதி,
இடப்பக்கம் என்று காட்ட ஓர் ஈய எழுத்து.
எடுத்தவள் யாரென்று யாரும் கேட்டதில்லை.
பதினாறு வருஷத்தில்
அது எனக்கு உறைத்ததும் இல்லை.
மீன்கொத்திக்குத்தான் உறைத்தது.

நாலாம் மாடி சன்னாசி அண்ணன்
போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்து
பல் போன இடம் தெரியச் சிரித்தார்.
எடுத்து, பெயர் போட்டு அனுப்பினேன்.
"எழுத்து இல்லாம ஒண்ணு குடும்மா, பிரேம் போடணும்."
சரி என்றேன்.
லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம்
சரி என்றேன்.

ஜூனில் புளோக்குக் கீழே கூடாரத் துணி,
பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் கச்சான்.
மாலைக்கு நடுவே அந்தச் சிரிப்பு,
மேசை அகலத்துக்குப் பெருக்கி.
சட்டைப் பையிலிருந்து தோள்வரை
சாய்வாக நான்.

மூன்றாம் மாடி கோ அங்கிள்
படத்தின் முன் குனிந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து
வெள்ளை உறையில் எழுதிக்கொண்டிருந்தார்
என் பெயரை.
முப்பது வருஷம் அவரை
"லாரி" என்றே கூப்பிட்டவர்.
குடும்பத்திடம் சேர்த்துவிடு என்று
உறையை என்னிடமே நீட்டினார்.
ஐம்பது வெள்ளி இருக்கும்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு மூலப் படத்தைத் திறந்தேன்.
கோடு போட்ட சட்டை அது,
அப்போதுதான் கவனித்தேன்.
இரண்டு மணிக்கு அவர் மகள் கோமளாவுக்கு அனுப்பினேன்.
காலையில் பதில்:
"அச்சடிச்சாச்சுக்கா. இருக்கட்டும்.
யாரு எடுத்தான்னு கேக்கிறவங்களுக்குச் சொல்ல வசதி."

இருக்கட்டுமா? தெரியவில்லை.
மனிதர்களுக்கு இப்போது போடுவதில்லை.
பறவைகளுக்குச் சில வாரம் போடுகிறேன்,
சில வாரம் சோம்பல்.

செப்டம்பரில் கூடத்து ஏர்கான் ஒழுகியது.
அந்த எண்ணைத்தான் கூப்பிட்டேன்.
வந்த பையன் ஏணியில் நின்றபடி
சுவரில் மாட்டியிருந்த மீன்கொத்தியைக் கண்டு,
"அக்கா, இது எங்க நோட்டீஸ்ல இருக்கிற பறவை!" என்றான்,
ஊர்க்காரனைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில்.
யார் எடுத்ததாம், என்றேன்.
"கூகுள்தான்க்கா."
வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்
கொண்டுவரப் போனேன்.