ஆரஞ்சு எச்சரிக்கை

இந்தத் தேவாலயத்தின் சுவர் வெள்ளை.
ஆனால் வெள்ளையென்று ஒரு பொட்டுகூட அதில் இல்லை.
ரோஜா, வெளிர்நீலம், எலுமிச்சை மஞ்சள்,
எல்லாம் கடுகளவு கடுகளவாய்.
ஐந்து வருடம் எதிரே நாற்காலி போட்டு
உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

சேன் தெனி அருங்காட்சியகம்,
இரண்டாம் மாடி, வடக்கு அறை.
கயிற்றைத் தாண்டித் தலை நீட்டுகிறவர்களிடம்
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்பது என் உத்தியோகம்.
ஊரில் இந்த வாக்கியம் வேறு வாயிலிருந்து வந்தால்
கைகலப்பாகும்.
இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்கிறார்கள்.
ஓரடி. புள்ளிகள்.
இன்னோரடி. புள்ளிகள்.
ஏழாவது அடியில் எங்கிருந்தோ ஒரு கோபுரம்
உச்சியில் இரும்புச் சேவலோடு எழுந்து நிற்கும்.
யாராவது ஒருவர் "ஆ" என்பார்.

நொர்மாந்தியில் ஏதோ கிராமம்.
பலகையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.
நான் காரைக்காலில் பிறந்தவள்.
கடவுச்சீட்டு பிரான்சுடையது,
பார்த்த பிரான்ஸ் இவ்வளவுதான்:
ஒன்றரை முழ அகலம், சட்டம் சேர்த்து.

ஜனவரியில் புயல் திரும்பியது.
வானொலி ஆரஞ்சு எச்சரிக்கை என்றது.
சிவப்பு வருவதற்குள் படங்களை நிலவறைக்கு இறக்கவேண்டும்.
ஒரு முனையில் நான், மறுமுனையில் லூசியான் வயாபுரி.
ஒருநாள் தன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னவர்.
வையாபுரி என்று எழுதினேன்.
முதலெழுத்துக்கு முன்னால் என்ன நெளிகிறது என்றார்.
அது கப்பலில் விழுந்துவிட்டது என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

பாதிப் படியில் மின்சாரம் போனது.
கைவிளக்கைப் பல்லால் கடித்தபடி அவர் இறங்க,
தேவாலயம் என் மார்பைப் பார்த்துக்கொண்டு இறங்கியது.

வீட்டில் சட்டையைக் கழற்றினால்
கைமடிப்பில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
காய்ந்தது. கெட்டியானது. கேழ்வரகு அளவு.

இரவெல்லாம் காற்று பக்கத்து வீட்டுத் தகரத்தைப் பிய்த்தது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
மின்கட்டண உறையின் பின்புறம்
பென்சிலால் 'கல்' என்று எழுதி
தலைப்புள்ளியை எச்சில் விரலால் அழித்தேன்.
'கல' என்றானது.
ஒரே ஒரு புள்ளி,
அது போனால் கல் தன் இறுக்கத்தை விட்டுவிட்டு
கலக்கச் சொல்கிறது.
அப்படியென்றால் ஒரு கோபுரம்?
சரியுமா, இல்லை
சாயங்காலமாகிவிடுமா?

நான்காம் நாள் படம் சுவருக்குத் திரும்பியது.
விழுந்த இடத்தைத் தேடினேன்.
கூரையில் ஓர் ஓட்டை.
கல்லறை மதில் நிழலில் இரண்டு.
வானத்தில் எண்ண முடியவில்லை.
எல்லா ஓட்டையிலும் வெறுந்துணி, பழுப்பாக.
அத்தனையும் நானே திருடியதுபோல்
உள்ளங்கை வியர்த்தது.

மதாம் ஃபெர்ரான் வருடத்துக்கு ஒருமுறை வருவாள்,
காயம்பட்ட படங்களுக்கு மருத்துவச்சி.
நுழைவுச்சீட்டில் மடித்துவைத்ததைப் பிரித்துக் கொடுத்தேன்.
கண்ணில் வில்லை வைத்துப் பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
பிறகு முகர்ந்தாள்.
"செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள்?"

கோழிக்கறி.
இந்தத் தீவு மஞ்சள், தக்காளி, எண்ணெய்.

"அந்த ஓட்டைகள்?"
"வரைந்தவரே விட்டவை.
எல்லாவற்றையும் அடைத்திருந்தால்
சுவர் சேறாகியிருக்கும்."
மஞ்சளைச் சீட்டோடு திருப்பித் தந்தாள்,
ரசீது தருவதுபோல் மரியாதையாக.

இப்போதும் தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.
கதவடைத்த திங்கட்கிழமைகளில் மட்டும்
கயிற்றைத் தூக்கிவிட்டு
மூக்கு துணியில் படுமளவுக்குக் கிட்டப் போய்
அவர் வைக்காமல் விட்டதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்,
சோப்புப் போட்டு, முழங்கை வரை
கை கழுவிவிட்டு.