பதினொரு நிமிடம்

பாயான் லெப்பாசில் மூன்றாம் ஷிப்ட்.
சில்லு ஆலைகளுக்குப் பின்னால்
பெயர்ப்பலகை இல்லாத கட்டடம்.
பாதுகாவலரைப் பொறுத்தவரை நாங்கள்
ஏர்கோன் பழுதுபார்க்கிறவர்கள்.

தரைக்கடியில் இரண்டு வாய்கள்.
ஒன்று அசையாமல் கிடக்கிறது.
இன்னொன்றை வளையத்துக்குள் ஓடவிட்டு
ஓடவிட்டு
பதினொரு நிமிடம் இளமையாக்கித்
திருப்பிக் கொண்டுவந்தோம்.
நடுவிலிருக்கும் வழியில்
கடுகு நுழையாது. ஒளி நுழையும்.
இந்த முனையில் இப்போது மினுக்கினால்
அந்த முனையில் பதினொரு நிமிடத்துக்கு முன்பே
மினுங்கியாகிவிட்டது.

மினுங்கியது, மினுங்கும், மினுங்கியிருக்கப்போகிறது:
ரிப்போர்ட்டில் எதை எழுதினாலும்
வினைச்சொல்லுக்கு நடுவே
இடைநிலை உட்கார மறுக்கிறது.

மணி 3:02.
மினுக். மினுக். மினுக்.
சியூ லிங் நோட்டில் குறித்தாள், மூன்று.
அப்படியானால் 3:13-க்கு
இங்கிருந்து யாரோ மூன்று தடவை தட்ட வேண்டும்.
பட்டன் என் மேசையில்.

தட்டமாட்டேன் என்றேன்.
பின்னே வந்தது யாருடையது என்றாள்.
யாருடையதோ.
கூலிக்கு மாரடிக்கலாம்,
பிரபஞ்சத்துக்குமா?
கோப்பி குடித்த கோப்பையைப்
பட்டன்மேல் கவிழ்த்தேன்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து
உட்கார்ந்துகொண்டேன்.

3:07.
காத்திருக்கும் நேரத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன்.
வாய் திறந்தது மார்ச் பதினேழு.
பதினொன்று பதினொன்றாகப்
பின்னோக்கி நடந்துகொண்டே இருந்தாலும்
அந்த நாளோடு தரை முடிந்துவிடும்.
அதற்கு முன்னால் கதவு இல்லை,
கதவு வைக்கச் சுவரும் இல்லை.
அண்ணன் ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் விழுந்தது
பிப்ரவரி இருபத்தெட்டு.
டெண்டர் தாமதம். ஹீலியம் தாமதம்.
சீனப் பெருநாளுக்குப் பிறகு
கப்பல்துறையில் தேங்கிக்கிடந்த ஒரு பெட்டி.
பதினேழு நாள்.
ஒரே ஒரு தடவைதான் கணக்குப் பார்த்தேன்.
பொய். தினமும் பார்க்கிறேன்.
அவன் வீட்டில் விட்டுப்போன பழைய ஹெல்மெட்டைத்தான்
போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறேன்,
எனக்குக் கொஞ்சம் பெரிது.

3:13.
மலைப்பக்கம் எங்கேயோ இடி.
மின்சாரம் தடுமாறியது.
அனுப்பும் விளக்கு தன்பாட்டுக்கு
மினுக். மினுக்.
நின்றுவிட்டது என்று நினைத்தோம்.
மினுக்.

சியூ லிங் சிரித்துவிட்டாள்.
நான் கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன்:
பட்டனைச் சுற்றி ஒரு கோப்பி வட்டம்,
யாரும் தொடவில்லை.

ஏழு மணிக்கு ஓவர்டைம் பாரம்.
செய்த வேலை என்ற கட்டத்தில்
'செய்யாமல் இருந்தது' என்று எழுதி
அடித்துவிட்டு
'சோதனை' என்று எழுதினேன்.

வெளியே மழை விட்டிருந்தது.
ஹெல்மெட் வாரை
இன்னொரு துளைக்கு இறுக்கினேன்.
ஜெலுத்தோங் வழியாகத்தான் போனேன்.
வேறு வழியும் இருக்கிறது,
கொஞ்சம் சுற்று.