இரைச்சல் அதிகம், மீண்டும் முயலவும்

பத்துக்குப் பதினொன்று அறை.
ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் மொட்டைச் சுவர்.
அதனால்தானாம் இடது ஸ்பீக்கர்
குடத்துக்குள் தலைவிட்டுப் பேசுகிறது.

தானே திருத்திக்கொள்ளும் என்று வாங்கிய ஆம்ப்ளிஃபையர்.
கூடவே ஒரு மைக், சுண்டைக்காய் அளவு,
நீள வயரின் முனையில்.
உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் அது நிற்க வேண்டும்.
முக்காலிக்கு எங்கே போவது?
துடைப்பக் கட்டையைக் காலித் தண்ணீர் கேனில் செருகி
ரப்பர் பேண்டு சுற்றினேன்.
ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன்.
"கொயம்பு கெட்டுப்போனா நீதான் துன்னணும்"
என்றாள் ஜெசிந்தா.

தொடங்கு என்று அழுத்தியதும்
தரைக்கடியிலிருந்து கிளம்பியது ஒலி.
எருமை உறுமலாய் ஊர்ந்து,
பீரோவை நெருங்கியபோது அதன் கைப்பிடி முனகியது,
பிறகு ஜன்னல் கம்பி,
பிறகு எங்கோ ஒரு எவர்சில்வர் மூடி.
இத்தனை நாள் எங்களோடு
இவ்வளவு தளர்ந்த பொருட்கள் இருந்திருக்கின்றன.
கொசுவாகி, ஊசியாகி, மேலே போய்க் காணாமல் போனது.
"இன்னாபா, ஆம்புலன்ஸா?"
எதிர்வீட்டு மஸ்தான் எட்டிப் பார்த்தார்.

இரைச்சல் அதிகம், மீண்டும் முயலவும்
என்றது திரை.

தண்டையார்பேட்டையில் போய்
அமைதி கேட்கிறது.
எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட் வரைக்கும்
இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கன்டெய்னர்கள்.
கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில்
வழி கேட்டுக் கத்துகிறது.
கீழே கேரம் போர்டு.
ஸ்ட்ரைக்கர் விழும்போதெல்லாம்
என் அறையின் அளவு மாறுகிறது.
மீண்டும் முயலவும்.
மீண்டும்.

மூன்றாவது ஷிப்ட் முடிந்தவன் போல
ராத்திரி இரண்டே முக்காலுக்குத் தெரு உட்கார்ந்தது.
லாரி வரிசை நகர்ந்து போய்
அடுத்த வரிசை வராத இடைவெளி.
மொத்தம் எட்டு இடம்.
என் நாற்காலி, அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம்,
ஒரு முழம் அந்தப் பக்கம்,
மஸ்தான் வீட்டில் தூங்கப்போன மகளின் பாய் மடித்த மூலை.
ஒவ்வொரு முறையும் துடைப்பக் கட்டையை நகர்த்திவிட்டு
நாங்கள் இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம்.
ஆறாவது இடத்தில் எனக்கு இருமல் வந்தது.
என் வாயைப் பொத்தினாள்.
உள்ளங்கையில் பூண்டு வாசம்.

முடிந்தது என்றது.
ஒரு பாட்டுப் போட்டோம், சன்னமாக.
"யோவ், டிவி மேலயே நின்னு பாட்றான்யா!"
எனக்கு அவன் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றான்.
வலது ஓரமாய், வீட்டுக்கு வந்த வெட்கப்படும் விருந்தாளி போல.

வரைபடத்தைத் திறந்தேன்.
இரண்டு கோடுகள், இரட்டை மாட்டு வண்டித் தடம் போல
ஒன்றையொன்று விலகவில்லை.
அறை சரி.

பதினாலு வருஷம் யார்டில் ரீச் ஸ்டாக்கர்.
கேபினில் எனக்கு இடதுபுறக் கண்ணாடி
ஒருநாளும் முழுசாய் மூடியதில்லை.
சுவரைக் கேட்டது, கூரையைக் கேட்டது,
திரைச்சீலை உண்டா என்றுகூடக் கேட்டது கருவி.
இதை அது கேட்கவில்லை.

சொன்னேன்.
"தெரியும்," என்றாள்.
"எப்பலேந்து?"
"பாப்பா பொறக்கறதுக்கு முன்ன.
நான் எந்தப் பக்கம் உக்கார்றேன்னு பாத்ததே இல்லியா நீ?"

அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.
படிக்கட்டிலும்.
பஸ்ஸில், பைபிள் வாசிக்கும்போது, சண்டையில்,
எல்லாவற்றிலும்.

பாலன்ஸ் குமிழை இடதுபக்கம் திருகினேன்.
மூன்று புள்ளி, அப்புறம் நாலு.
பாடகன் தயங்கித் தயங்கி நகர்ந்து
டிவி மேல் வந்து நின்றான்.
"இப்ப எனக்கு பீரோகிட்ட போய்ட்டான்," என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.
கீழே முதல் லாரி வந்து நின்று
இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கத் தொடங்கியது.

ஃபிரிட்ஜைப் போட இருவரும் மறந்துவிட்டோம்.
காலையில் குழம்பு நுரைத்திருந்தது.
ஒரு வாய் தின்றேன்,
பேச்சு என்றால் பேச்சு.