ஏழாவது படம்

குவாங்சோவிலிருந்து ஏழு படங்கள்.
பெர்கனில் மழை. டிராம் ஓட்டிவிட்டு வந்த தோர்கெய்ர்
ஈரக் கோட்டோடே
திரையில் ஸ்கேல் வைத்து அளக்கிறான்.

ஆறாம் மணிக்கோடு மயிரிழை சாய்வு.
போகட்டும்.
கையாட்டிப் பேசுகிறவன் மணிக்கட்டில்
யார் தேடப் போகிறார்கள்?
தேதி ஜன்னலில் எட்டு மட்டும் இடதுபக்கம் இடிக்கிறது:
மாதத்துக்கு மூன்று நாள், சகிக்கலாம்.
கண்ணாடிக்கடியில் தூசு.
இதற்குத்தான் மனம் ஒப்பவில்லை.
பொய்தான்,
என்றாலும் துடைத்த பொய்யாக இருக்கவேண்டாமா?

ஏழாவதில்
வாரைப் பிடித்திருக்கும் கட்டைவிரலில் பிளாஸ்திரி,
ஓரம் நனைந்து கறுத்திருக்கிறது.
முட்கள் மூன்று இருபதில்.
பின்னால் ஜன்னல், கும்மிருட்டு.

ஸ்கேலை இறக்கிவைத்தான்.
'தூசு' என்று தட்டியதை
எழுத்தெழுத்தாக அழித்தான்.
வேறென்னவோ கேட்க வாயெடுத்து

'அனுப்பலாம்' என்று மட்டும் எழுதினான்.